தெளிஞ்ச தண்ணியெல்லாம் நல்ல தண்ணி இல்ல

எங்க பக்கம் தண்ணிக்கு மார்க் போட வீட்டுக்கு வீடு ஒரு வழி உண்டு. துவரம்பருப்பு சீக்கிரம் குழைஞ்சா நல்ல தண்ணி. விறகு தீர்ற வரைக்கும் பருப்பு முழுசாவே கிடந்தா கடுந்தண்ணி. சோப்பு நுரைக்கலைன்னா உப்புத் தண்ணி. வெந்நீர் அண்டாவோட அடியில வெள்ளையா ஓடு கட்டினா போர்த் தண்ணி. சோழபுரத்துல நின்னு மேற்க பாத்தா மலை, கிழக்க போகப் போகக் கரிசல். ஒரு கை அள்ளிக் குடிச்சுட்டு இது எந்தப் பக்கத்துக் கிணறுன்னு சொல்ற பெருசுங்க இன்னைக்கும் இருக்காங்க.

இத்தனை வழி இருந்தும், ஒரு கண்ணாடித் தொட்டியில மீன் ஏன் சாகுதுங்கிறதை இதுல ஒண்ணு கூடச் சொல்லாது. அதைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன். பட்டணத்துல இருக்கிற உங்கள்ல பாதிப் பேர் வீட்டுல ஒரு மீன் தொட்டி இருந்திருக்கும். அதுல பாதி இப்ப காலியா பரண் மேல கிடக்கும். கேட்டா, "எங்களுக்கு மீன் ராசி இல்லைங்க" அப்படின்னு சொல்லுவீங்க. ராசியெல்லாம் ஒண்ணும் இல்ல. தண்ணிதான் விசயம்.

என் தங்கச்சி மகன் ராஜபாளையத்துல ஒரு நூல் மில்லுல எட்டு வருசம் வேலை பாத்தான். ஷிப்டைக் குறைச்சாங்க, அப்புறம் ஆளைக் குறைச்சாங்க. வீட்டுல சும்மா உக்கார மனசில்லாம, வண்ணமீன் வளர்த்து கடைகளுக்குக் குடுக்கிறேன்னு கிளம்பினான். என் தோட்டத்துல மோட்டார் ரூமுக்குப் பின்னாடி ஆறு சிமெண்ட் தொட்டி கட்டினான். மேல பச்சை நிழல்வலை, ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு காத்துக் குழாய். தங்கச்சி தன்னோட ரெண்டு வளையலையும் கம்மலையும் அடகு வச்சுக் குடுத்தா. அவ கையில மிச்சம் இருந்த நகை அவ்வளவுதான்.

மீன் குஞ்சு சென்னை கொளத்தூர்ல இருந்து வந்தது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், எத்தனையோ குடும்பம் மொட்டைமாடியிலயும் கொல்லையிலயும் வண்ணமீன் வளர்த்துப் பிழைக்கிற ஊர் அது. கப்பி, மோலி, கோல்டு பிஷ்னு பை பையா ஆக்சிஜன் அடைச்சு பொதிகை எக்ஸ்பிரஸ்ல கொண்டு வந்து இறக்கினான். ஒரு வாரம் தொட்டியைச் சுத்தி ஒரே கூட்டம். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைங்க வீட்டுக்குப் போகாம இங்கதான் நின்னாங்க.

ஒம்பதாம் நாள் காலையில கோல்டு பிஷ் எல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டு இருந்துச்சு. செவுள் ரத்தச் சிவப்பு. சாயங்காலத்துக்குள்ள முப்பது போச்சு. மறுநாள் இன்னொரு தொட்டி. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. கண்ணுபட்டுருச்சுன்னு ஒருத்தர், கொண்டு வந்த நேரம் சரியில்லைன்னு ஒருத்தர். மீன் கடைக்காரர் ஒரு நீல மருந்தைக் குடுத்தார். அதை ஊத்தி தண்ணியும் நீலமாச்சு, சாவு மட்டும் நிக்கல. தங்கச்சி ஒண்ணும் பேசாம தொட்டி ஓரத்துல உக்காந்து செத்த மீனைப் பொறுக்கி வாளியில போட்டுக்கிட்டு இருந்தா. அதைப் பாக்க எனக்குப் பொறுக்கல.

ராஜபாளையத்துல மீன்வளத் துறையில இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் இருக்கார். அவரை வண்டியில உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தேன். வந்தவர் மீனைப் பாக்கல. தொட்டியைப் பாத்தார்.

"தண்ணிய டெஸ்ட் பண்ணீங்களா?"

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே சார்," என்றான் மாப்ள.

"அமோனியாவுக்கு நிறம் கிடையாது தம்பி."

பையில இருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்தார். ரெண்டு மூணு கண்ணாடிக் குழாய், சின்னச் சின்ன சொட்டு மருந்துப் புட்டி, ஒரு கலர் அட்டை. குழாயில 5 மில்லி தொட்டித் தண்ணியை எடுத்து, புட்டியில இருந்து எண்ணி எண்ணி சொட்டு விட்டு, மூடி குலுக்கி, கடிகாரத்தைப் பாத்து நின்னார். நல்ல தண்ணின்னா மஞ்சளாவே நிக்கணுமாம். எங்க குழாய் இளம்பச்சை ஆகி, அப்புறம் கரும்பச்சை ஆச்சு. அட்டையோட வச்சுப் பாத்தா 4 பிபிஎம். அதாவது ஒரு லிட்டர் தண்ணியில 4 மில்லிகிராம் அமோனியா. இருக்க வேண்டியது பூஜ்யம்.

அவர் என் பக்கம் திரும்பி, "நீங்க விவசாயி, உங்களுக்கு இது லேசாப் புரியும்" என்று ஆரம்பிச்சார். அவர் சொன்னதும், பிறகு அவர் குடுத்த புத்தகத்துல நான் வாசிச்சதும் சேர்த்து உங்களுக்குச் சொல்றேன்.

கோழிப் பண்ணைக்குள்ள நுழைஞ்சா மூக்கைத் துளைக்குமே ஒரு நெடி, அதுதான் அமோனியா. மீன் அதை முக்கால்வாசி செவுள் வழியாவே தண்ணியில விடுது. தின்னு மிஞ்சின தீனி அழுகினாலும் அதே அமோனியாதான். ஆத்துலயும் கண்மாய்லயும் தண்ணி அதிகம், மீன் கம்மி, அடியில சேறு இருக்கு. தொட்டியில தண்ணி கம்மி, மீன் அதிகம், அடியில சிமெண்ட். மீன் தன்னோட கழிவுலயே நிக்குது.

அப்ப பழைய தொட்டியில மட்டும் மீன் எப்படி வருசக் கணக்கா உசிரோட இருக்கு? அதுக்குப் பதில் மண்ணுலதான் கிடைச்சது. 1877-ல பிரான்ஸ் நாட்டுல ஷ்லோசிங், முன்ஸ் என்ற ரெண்டு பேர் ஒரு நீளக் குழாயில மணலையும் சுண்ணாம்புக்கல்லையும் நிரப்பி, மேல சாக்கடைத் தண்ணியை மெதுவா விட்டாங்க. முதல் கொஞ்ச நாள் மேல விட்ட அமோனியா அப்படியே கீழ வந்தது. பிறகு அமோனியா காணாமப் போய், அதுக்குப் பதிலா நைட்ரேட் வந்தது. குளோரோபார்ம் ஆவியைக் குழாய்க்குள்ள விட்டதும் அந்த மாற்றம் நின்னு போச்சு. மயக்க மருந்துக்கு மயங்குதுன்னா அது உசிருள்ள ஏதோ ஒண்ணுன்னு தெரிஞ்சது. 1890-ல வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யாக்காரர் அந்தக் கிருமிகளைத் தனியாப் பிரிச்சே காட்டிட்டார். ஒரு கூட்டம் அமோனியாவைத் தின்னு நைட்ரைட் ஆக்கும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டைத் தின்னு நைட்ரேட் ஆக்கும்.

நாம யூரியா போடுறோமே, பயிர் அதை அப்படியே எடுக்கிறதில்ல. மண்ணுல அது அமோனியாவாகி, இந்தக் கிருமிங்க கை மாத்தி கை மாத்தி நைட்ரேட் ஆக்கி வேருக்குக் குடுக்குதுங்க. உங்க வீட்டு மீன் தொட்டியில பில்டர் பஞ்சும் கூழாங்கல்லும் செய்யுற வேலையும் அதேதான். பில்டர் அழுக்கு பிடிக்கிற துணி இல்ல. அது ஒரு பிடி மண்ணு. புதுத் தொட்டிங்கிறது உசிரில்லாத மண்ணு. அதுல கிருமி பெருகி வேலைக்கு வர நாலு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஆகும். எங்க ஆறு தொட்டியும் புதுசு, சிமெண்ட் வாசம் கூடப் போகல. ஒரே நாள்ல அவ்வளவு மீனும் இறங்கினா கழிவைத் தின்ன ஆளே இல்ல.

அடுத்து பிஎச். தண்ணி புளிப்பா, காரமான்னு சொல்ற கணக்கு. 7 நடுவு, கீழ போனா புளிப்பு, மேல போனா காரம். டென்மார்க்குல ஒரு பீர் கம்பெனியோட ஆய்வகத்துல சோரன்சென் என்பவர் 1909-ல இந்த அளவுகோலை உண்டாக்கினார். சென்னை மெரினாவுல மீன் காட்சிசாலை திறந்ததும் அதே 1909-ல என்பது ஒரு பொருத்தம். எங்க கிணத்துத் தண்ணி பிஎச் 8.2. கடுந்தண்ணி, அதனால அது அவ்வளவு லேசுல இறங்காது.

இது ஏன் முக்கியம்னா, அமோனியா தண்ணியில ரெண்டு வேசத்துல நிக்கும். ஒண்ணு சாது, இன்னொண்ணு விஷம். டெஸ்ட் கிட் ரெண்டையும் சேர்த்துத்தான் காட்டும். எது எவ்வளவுங்கிறதை பிஎச்சும் சூடும் தீர்மானிக்கும். 25 டிகிரியில பிஎச் 7 என்றால், மொத்தத்துல ஆயிரத்துல 6 பங்குதான் விஷம். பிஎச் 8 ஆனா நூத்துல 5 பங்குக்கு மேல. 9 ஆனா நூத்துல 36. விஷ அமோனியா 0.05 பிபிஎம்மைத் தாண்டினாலே செவுள் கெட ஆரம்பிச்சுடும். ஒரே 1 பிபிஎம் அமோனியா, ஒரு வீட்டுத் தொட்டியில மீனை ஒண்ணும் செய்யாது. அடுத்த வீட்டுத் தொட்டியில செவுளைப் பொசுக்கிடும். "அவங்க வீட்டுல மட்டும் எப்படி வளருது?" அப்படின்னு நீங்க பொறாமைப்பட்டதுக்குக் காரணம் இதுதான்.

இதுவும் எங்க வயல்ல இருக்கிற சங்கதிதான். நெல் வயல்ல தண்ணி நிக்கும்போது உச்சி வெயில்ல யூரியா வீசினா பாதி காத்துல போயிடும்னு சொல்லுவோம். வெயில்ல பாசி தண்ணியில இருக்கிற கரியமில வாயுவை உறிஞ்சிடும், பிஎச் ஏறும், அமோனியா ஆவியாகிப் பறந்திடும். ராத்திரியில பாசி மூச்சை விடும், விடியுறப்ப பிஎச் இறங்கியிருக்கும். பச்சைப் பாசி பிடிச்ச சிமெண்ட் தொட்டியிலயும் அதே ஏத்த இறக்கம் உண்டு. அதனால இன்னைக்குக் காலையில, நாளைக்கு மத்தியானத்துல என்று மாத்தி மாத்திச் சோதிச்சா எண் ஒண்ணும் ஒட்டாது. ஒரே நேரத்துல பாக்கணும்.

சாரே வழி சொன்னார். தீனியை ரெண்டு நாள் நிறுத்துங்க. தினமும் கால் பங்கு தண்ணியை மாத்துங்க. மீனைப் பிரிச்சுப் போடுங்க. தனக்குத் தெரிஞ்சவர் பண்ணையில இருந்து நாலு வருசம் ஓடின ஒரு பில்டர் பஞ்சை வாங்கிக் குடுத்தார். கருப்பா, சேறு நாத்தத்தோட இருந்தது. "இதைக் கழுவிடாதீங்க, இதுதான் மருந்து" என்றார். பாலுக்கு உறை மோர் ஊத்துற மாதிரின்னு தங்கச்சிக்கு உடனே புரிஞ்சு போச்சு.

நான் பத்தாவது வரைக்கும் படிச்சவன். எனக்கு எண் எழுதி வைக்கிறது பிடிக்கும். மழை அளவு, மோட்டார் ஓடின மணி, எல்லாம் நோட்டுல உண்டு. மீன் தொட்டிக்கும் ஒரு நோட்டு போட்டேன். தினமும் காலையில 7 மணிக்கு நானும் மாப்ளயும் ஆறு தொட்டியையும் சோதிச்சோம். முதல் அஞ்சு நாள் அமோனியா 4, 4, 2, 2, 2. பத்தாம் நாளுக்கு மேல அது இறங்க இறங்க நைட்ரைட் ஏறிச்சு. அப்ப மறுபடியும் நாலஞ்சு மீன் செத்தது. மாப்ள கையை விட்டுட்டான். "இது நிக்காது மாமா, தொட்டியைக் கழுவி வச்சுட்டு வெளியூர் போறேன்" என்றான். நோட்டைத் திறந்து காட்டினேன். "இந்தா பாரு மாப்ள, ஒண்ணு இறங்குது, ஒண்ணு ஏறுது. முதல் கூட்டம் வேலைக்கு வந்திருச்சு. ரெண்டாவது கூட்டம் இன்னும் வரல. இப்பக் கழுவினா மறுபடி முதல்ல இருந்து." எண் இல்லைன்னா அவனை நிறுத்த எனக்கு வேற வார்த்தை கிடைச்சிருக்காது.

நைட்ரைட் ஏன் கொல்லுதுன்னும் சொல்லிடறேன். அது செவுள் வழியா ரத்தத்துல போய் சிவப்பணுவைக் கெடுத்திடும். ரத்தம் ஆக்சிஜனைத் தூக்க முடியாம பழுப்பாயிடும். தண்ணியில காத்து நிறைய இருந்தும் மீன் மூச்சு முட்டிச் சாகும். கொஞ்சம் கல்லுப்பு போட்டா உப்புல இருக்கிற குளோரைடு நைட்ரைட்டை உள்ள விடாம மறிக்கும். இருபத்தாறாம் நாள் அமோனியாவும் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். அதுக்கப்புறம் தங்கச்சி வாளியோட தொட்டிப் பக்கம் போற வேலை இல்லாமப் போச்சு.

வீட்டுல தொட்டி வச்சிருக்கிறவங்களுக்கு நான் கத்துக்கிட்ட சில விசயம். சோதிக்கிற குழாயை அதே தொட்டித் தண்ணியில ரெண்டு தடவை அலசிட்டு எடுங்க. சொட்டு விடும்போது புட்டியை நேராக் கவுத்துப் பிடிங்க, சாய்ச்சா சொட்டு சின்னதும் பெருசுமா விழும். குலுக்கச் சொன்னா விரலால மூடாதீங்க, கையில இருக்கிறதும் சேர்ந்திடும். கலரை டியூப்லைட்டுல பாக்காதீங்க, பகல் வெளிச்சத்துல வெள்ளைத் தாள் மேல வச்சுப் பாருங்க. புட்டியோட காலாவதித் தேதியைப் பாருங்க. காகிதப் பட்டையில பாக்கிறவங்க டப்பா மூடியை உடனே இறுக்குங்க, ஈரக் காத்து பட்டா அது பொய் சொல்லும். அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யமா இருக்கணும். நைட்ரேட் இருக்கும், அது 40-க்குள்ள நிக்கிற மாதிரி வாரம் கொஞ்சம் தண்ணி மாத்தினாப் போதும்.

குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கும். நமக்காக லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்கணும்னு இந்தியத் தரக் கட்டுப்பாட்டுல சொல்லியிருக்கு. நமக்கு நல்லது, மீன் செவுளுக்கும் பில்டர்க் கிருமிக்கும் ஆகாது. ஒரு நாள் வாளியில திறந்து வச்சு, காத்துக் குழாயும் விட்டா போயிடும். அவசரம்னா மீன் கடையில குளோரின் முறிக்கிற சொட்டு கிடைக்கும். அதுல பல வகையில இருக்கிறது பழைய போட்டோ ஸ்டூடியோக்காரங்க படம் கழுவ வச்சிருந்த ஹைப்போதான். ஆர்.ஓ. தண்ணியும் கேன் தண்ணியும் சுத்தம்தானே, அதையே ஊத்தலாமேன்னு சிலர் கேக்கிறாங்க. அதுல சுண்ணாம்புச் சத்தும் இருக்காது, பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கிற சக்தியும் இருக்காது. கிருமிங்க அமோனியாவைத் தின்னும்போது புளிப்பு உண்டாகும். தாங்கிப் பிடிக்க ஒண்ணும் இல்லைன்னா பிஎச் ஒரு நாள் சரிஞ்சு விழும். அப்புறம் வெயில் காலம். 25 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி 8 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில ஏழரைதான். சித்திரையில கரண்டு போய் காத்து மோட்டார் நின்னா முதல்ல திணறுறது பெரிய மீன்தான்.

எங்க மீன் விக்க ஆரம்பிச்ச பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு டீச்சரம்மா நாலு கோல்டு பிஷ் வாங்கிட்டுப் போனாங்க. பத்து நாள்ல செத்திருச்சு. இன்னொரு தடவை வாங்கினாங்க, அதுவும் போச்சு. மூணாவது தடவை தோட்டத்துக்கே வந்துட்டாங்க. "தம்பி, நோய் மீனை வித்து ஏமாத்துறீங்க. எம் பையன் ரெண்டு நாளா சாப்பிடல" என்று சத்தம் போட்டாங்க. அவங்க பள்ளிக்கூடத்துலயும் சொல்லியிருந்தாங்க போல, அந்தப் பக்கம் ரெண்டு கடை எங்ககிட்ட மீன் எடுக்கிறதை நிறுத்திட்டாங்க. மாப்ளைக்கு முகம் செத்துப் போச்சு. நான் குறுக்க போய், "டீச்சர், ஒரு தடவை உங்க தொட்டித் தண்ணியைப் பாத்துட்டுப் பேசுவோம், எங்க மேல தப்புன்னா பணத்தைத் திருப்பித் தந்திடறோம்" என்றேன். பெட்டியை எடுத்துக்கிட்டு ரெண்டு பேரும் போனோம்.

வீடு அவ்வளவு சுத்தம். தொட்டி அதைவிடச் சுத்தம். ஞாயித்துக்கிழமை தோறும் மீனை வாளியில விட்டுட்டு, கல்லைத் தேய்ச்சு, பில்டர் பஞ்சைக் குழாயடியில வச்சு சோப்பு நீங்கலா எல்லாம் செஞ்சு வெள்ளை வெளேர்னு கழுவி, புதுத் தண்ணி ஊத்துவாங்களாம். குழாய்த் தண்ணியில அமோனியா பாத்தோம், மஞ்சள். ஒரே ஒரு மீன் மிச்சம் இருந்த தொட்டித் தண்ணியில பாத்தோம், பச்சை. 2 பிபிஎம். நைட்ரைட் பூஜ்யம்.

"நைட்ரைட் இல்லைன்னா நல்லதுதானே அண்ணாச்சி?"

"அமோனியா இல்லாம நைட்ரைட்டும் இல்லைன்னா நல்லது டீச்சர். அமோனியா இருந்து நைட்ரைட் இல்லைன்னா, திங்க வேண்டிய கிருமி இன்னும் பிறக்கவே இல்லைன்னு அர்த்தம். வாரா வாரம் நீங்க அதைக் கழுவி விட்டுடறீங்க."

தயிருக்கு உறை சொன்ன கதையைச் சொன்னேன். நம்பலை. ஆனா அவங்க பையன், மூணாங்கிளாஸ், அந்தக் கலர் மாறுறதையே வாயைத் திறந்து பாத்துக்கிட்டு இருந்தான். எங்க பழைய தொட்டியில இருந்து ஒரு துண்டு பஞ்சைக் குடுத்தோம். கழுவணும்னா தொட்டியில இருந்து எடுத்த தண்ணியிலயே லேசாப் பிழிஞ்சு விடச் சொன்னோம். ஒரு பெட்டியையும் விட்டுட்டு வந்தோம். பையன் தினமும் சோதிச்சு எண்ணை போன்ல சொல்லுவான். "மாமா, இன்னைக்கு 1." "மாமா, இன்னைக்கு அரை." மூணு வாரம் கழிச்சு "மாமா, முட்டை!" என்று கத்தினான். அப்புறம் போட்ட நாலுல ஒண்ணு போச்சு, மூணு நிக்குது. டீச்சர் மன்னிப்பெல்லாம் கேக்கல. பள்ளிக்கூடத்துல இருந்து அஞ்சு பேரைக் கூட்டிட்டு வந்தாங்க. எங்களுக்கு அது போதும்.

இதெல்லாம் மீனோட முடிஞ்சிருந்தா நான் இவ்வளவு நீளமா எழுத மாட்டேன். ஒரு நாள் மாப்ள நோட்டைப் பாத்துக்கிட்டே கேட்டான்.

"மாமா, பாதித் தண்ணியை மாத்தினா நைட்ரேட் பாதியா குறையணும்ல? நம்ம தொட்டியில குறையவே மாட்டேங்குதே?"

மீன் இல்லாத தண்ணியைச் சோதிப்போம்னு, நேரா கிணத்துல இருந்து ஒரு வாளி இறைச்சு நைட்ரேட் சொட்டு விட்டோம். குழாய் ஆரஞ்சுல நிக்கல, சிவப்புக்குப் போச்சு. எங்க தாத்தா காலத்துல இருந்து குடிக்கிற கிணறு. பருப்பு வேகும், நாக்குக்கு இனிக்கும், அடி வரைக்கும் தெளிவாத் தெரியும்.

அந்த மாசம்தான் என் மக தலைப்பிரசவத்துக்கு எங்க வீட்டுக்கு வர்றதா இருந்தது. வளைகாப்புக்கு நாள் குறிச்சாச்சு.

நைட்ரேட் பெரியவங்களுக்கு லேசுல ஒண்ணும் செய்யாது. கைக்குழந்தை வயித்துல அது நைட்ரைட் ஆயிடும். அப்புறம் மீனுக்கு நடந்ததேதான், ரத்தம் ஆக்சிஜனைத் தூக்காது, குழந்தை நீலம் பாரிச்சுப் போகும். அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல கோம்லி என்ற டாக்டர் 1945-ல, கிணத்துத் தண்ணியில பால் கலக்கிக் குடுத்த பண்ணை வீட்டுக் குழந்தைங்களுக்கு இப்படி ஆகுதுன்னு முதல்ல எழுதினார். நம்ம நாட்டுல குடிதண்ணிக்கு எல்லை லிட்டருக்கு 45 மில்லிகிராம். கொதிக்க வச்சாலும் நைட்ரேட் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும்.

மீன் கிட்டை மட்டும் நம்பி முடிவு எடுக்கக் கூடாதுன்னு, சுத்தமான பாட்டில்ல பிடிச்சு, மாவட்டத்துல இருக்கிற குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்குக் கொண்டு போனேன். எல்லையைத் தாண்டித்தான் இருந்தது. கிணத்தைச் சுத்தி நாலு பேர் வயல், ரெண்டு மாட்டுத் தொழுவம், வீடுகளோட கக்கூஸ் குழி எல்லாம் இருக்கு. யாரால வந்ததுன்னு தண்ணியில எழுதியிருக்காது. எல்லார்கிட்டயும் ஆய்வகத் தாளைக் காட்டினேன். சிலர் சிரிச்சாங்க, "மீன் வளர்த்து மாமாவுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு" என்று. கைக்குழந்தை இருக்கிற ரெண்டு வீட்டுல மட்டும் அன்னைக்கே குடம் மாத்திட்டாங்க. எங்க வீட்டுலயும் குடிக்கவும் சமைக்கவும் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணிதான், அதையும் சோதிச்சுப் பாத்துட்டுத்தான்.

கிணத்துத் தண்ணி வயலுக்குப் போகுது. அங்க அது கெடுதல் இல்ல. 45 மில்லிகிராம் நைட்ரேட் இருக்கிற தண்ணி ஒரு ஏக்கர்ல ஒரு அங்குலம் நின்னா, அது ஒரு லட்சம் லிட்டருக்கு மேல. அதுலயே ஒரு கிலோ தழைச்சத்து இருக்கு. ரெண்டு கிலோவுக்கு மேல யூரியா வாங்கிப் போட்டதுக்குச் சமம். அந்தக் கணக்கைக் கழிச்சுத்தான் இப்ப உரம் வைக்கிறோம், நாலு வயல்லயும்.

தங்கச்சியோட கம்மல் மீண்டு வந்திருச்சு, வளையல் இன்னும் அடகுலதான் இருக்கு. மாப்ள இப்ப புதுசா மீன் கேட்டு வர்றவங்ககிட்ட முதல்ல தொட்டித் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வரச் சொல்றான். அமோனியா காட்டினா அன்னைக்கு மீன் குடுக்கிறதில்ல, பஞ்சு குடுத்து அனுப்புறான். வியாபாரம் கொஞ்சம் மெதுவாத்தான் போகுது. பேத்திக்கு எட்டு மாசம் முடிஞ்சிருச்சு, நல்லா இருக்கா. நோட்டுல ஆறு தொட்டிக்கு ஆறு பக்கம் இருந்துச்சு. ஏழாவதா கிணத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியாச்சு, மாசம் ஒரு தடவை எழுதுறேன்.